‘நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு?’

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்கிறான். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டான், கொஞ்சம் தெளிந்தான். அதற்குள் வீட்டுப் பெரியவர்கள், “இது கடவுள் வைக்கிற சோதனை, மாத்திரை சாப்பிட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகும்” என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது இரவெல்லாம் பிரார்த்தனை, இடையிடையே விரதம். மதநம்பிக்கை உண்மையிலேயே இவ்வளவு கெடுதல் செய்யுமா? இவர்களிடம் எப்படிப் பேசுவது? அவனுக்குத் தெரியாமல் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமா?

பதில்:

சாப்பாட்டில் கலப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தவன். மருந்து எழுதுகிறவன் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறவன். உங்கள் வீட்டில் நடப்பதை வேறு வேறு மதங்களின் சொற்களில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியது. குரல் கேட்கும் நோய்க்குக் கொடுக்கும் மருந்தை நிறுத்திய மறுநாள் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாமல் போகலாம். சொல்லப்போனால் ஆள் முன்னைவிடத் தேறியதுபோலத் தெரிவான். தூக்கக் கலக்கம் போயிருக்கும், கை கால் விறைப்பு விட்டிருக்கும், முகத்தில் களை வந்திருக்கும். “பார், மாத்திரையை விட்டதும் பிள்ளை தெளிந்துவிட்டான்” என்று வீடே சொல்லும். நோய் திரும்பி வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். திரும்பும்போது எப்போதோ நிறுத்திய மாத்திரை யாருடைய நினைவுக்கும் வராது. பிரார்த்தனையில் எங்கே குறை வைத்தோம் என்றுதான் தேடுவார்கள்.

மனச்சோர்வு மாத்திரைகளில் இது தலைகீழாக நடக்கும். சட்டென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், பதற்றம், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு, மோசமான கனவுகள் எல்லாம் வரலாம். மருந்துக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் தடுமாறுகிறது, அவ்வளவுதான். பேயோட்டுகிறவர் அதைப் பார்த்து, “உள்ளே இருப்பது வெளியேறுகிறது, அதான் இந்த ஆட்டம்” என்பார். மனம் அளவுமீறிப் பொங்கி எழும் மேனியா என்ற நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தைத் திடீரென்று விட்டால் அந்த நோய் வேகமாகத் திரும்பக்கூடும். வலிப்பு மருந்தை விடுவது இதைவிட ஆபத்து. விடாமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஆகவே எந்த மாத்திரையாக இருந்தாலும், நிறுத்துவது என்றே முடிவெடுத்தாலும், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். இதை மட்டுமாவது பெரியவர்களை ஒத்துக்கொள்ள வையுங்கள்.

சரி, மதத்துக்கு வருவோம். நம்பிக்கை கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேர் வந்து விசாரிப்பது, சேர்ந்து பாடுவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது எல்லாம் எந்த நோயாளிக்கும் நல்லதுதான். செத்துவிடலாம் என்ற எண்ணத்திலிருந்து பலரை இழுத்துப் பிடிப்பதும் நம்பிக்கையே. கெடுதல் செய்வது ஒரு வாக்கியம்: “நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு?”

இந்த வாக்கியம் எப்படிச் சுண்டினாலும் தலையே விழும் காசு. குணமானால் பிரார்த்தனை பலித்தது. குணமாகாவிட்டால் உன் நம்பிக்கை போதவில்லை, உள்ளே ஏதோ பாவம் இருக்கிறது. இரண்டாவது வகையில் பழி முழுக்க நோயாளியின் கணக்கில் ஏறுகிறது. மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று குற்ற உணர்வு என்பதை நினைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு கிடப்பவரிடம் போய் “உன் விசுவாசத்தில் குறை” என்றால், அதை அவரைவிட வேகமாக ஒத்துக்கொள்ள ஆள் கிடையாது. நோய் சொல்வதையே கடவுள் பெயரால் நாமும் சொல்கிறோம்.

ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயில் இது இன்னும் விபரீதம். பெரும்பாலும் பக்தி உள்ளவருக்கே வரும் ஒரு வகை உண்டு: தெய்வத்தைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் தாமாக வந்து மோதும். பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார், ஒரு முறை போதாது என்று நூறு முறை கேட்பார். இன்னும் அதிகமாக வேண்டிக்கொள் என்று அவரிடம் சொல்வது, கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவரிடம் இன்னொரு சோப்பு கொடுப்பதுதான். மேனியாவில் வேறு மாதிரி. தூங்காமல் பேசுகிறார், தனக்கு அருள் வந்திருக்கிறது என்கிறார், சுற்றியிருப்பவர்களும் சில நாள் நம்பிவிடுகிறார்கள். தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பிவிடும் என்பதால் முழு இரவுப் பிரார்த்தனை அங்கே எரிகிற நெருப்பில் எண்ணெய். உங்கள் தம்பிக்கும் அது ஆகாது. பிரார்த்தனை பகலில் நடக்கட்டும், இரவில் அவன் தூங்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். யாருடைய நம்பிக்கையையும் தொடாத கோரிக்கை என்பதால் இதை மறுப்பது கஷ்டம்.

பிரார்த்தனை பலித்ததாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நோய்கள் ஏறி இறங்கும் தன்மை உடையவை. உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் புண்ணியத் தலத்துக்கு ஓடும். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஓர் இறக்கம்தானே வரும்? அந்த இறக்கம் எங்கே நடந்ததோ அந்த இடத்துக்குப் பெயர் போய்ச் சேர்கிறது.

உங்கள் மதம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. இந்த வாக்கியம் எல்லாவற்றிலும் இருக்கிறது, அதற்குப் பதிலும் அந்தந்த மதத்துக்குள்ளேயே இருக்கிறது. “தவக்கல் (இறைவன் மேல் முழு நம்பிக்கை) வைத்தால் போதும்” என்கிற முஸ்லிம்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மேல் பொறுப்பைப் போடு என்று நபி சொன்னதாக வரும் ஹதீஸ் தெரியாமல் இருக்காது. 934-இல் இறந்த இஸ்லாமிய அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடம்புக்கு நோய் வருவதுபோல மனத்துக்கும் வரும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தனி நூலே எழுதினார். 1284-இல் கெய்ரோவில் கட்டிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. கிறிஸ்தவர்களிடம் நான் எலியாவைப் பற்றிப் பேசுவேன். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்ட தீர்க்கதரிசி அவர். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டிப்பு இல்லை. தூக்கம், சாப்பாடு, தண்ணீர், மறுபடி தூக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் முறைப்படி பேயோட்டக் கூடாது; நோயா இல்லையா என்று முதலில் நிச்சயப்படுத்த வேண்டும் என்பதும் விதி. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் சங்கிலி இல்லாத மனநோயாளிகள் இல்லத்தைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்.

இந்து மரபில் சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் ஒரு சுவாரசியமான இடம். தானே தனக்குக் கேடு தேடிக்கொள்ளாத மனிதனைத் தேவரோ கந்தர்வரோ பிசாசோ ராட்சசரோ எதுவும் செய்வதில்லை, ஆகவே அவர்கள் மேல் பழி போடாதே என்கிறது. பேயை வெளியே அனுப்பிவிடுகிறது, நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் கர்மாவைக் கொண்டுவந்து வைக்கிறது, பழி மறுபடியும் நோயாளியிடம்! அதனால் இந்த மேற்கோளைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மனநல மருத்துவத்தையே கொள்கை அளவில் எதிர்க்கும் சயன்டாலஜி போன்ற அமைப்புகளும் உண்டு. அங்கே இந்த மாதிரிப் பேச்சு செல்லாது.

விளைவு என்று எடுத்துக்கொண்டால் எல்லாரும் சொல்வது அன்னெலீஸ் மிஷெல் என்ற ஜெர்மன் பெண்ணின் கதை. அதில் வழக்கமாகச் சொல்லாமல் விடும் பகுதிதான் எனக்கு முக்கியம். அவளுக்குப் பதினாறு வயதளவில் வலிப்பு தொடங்கியது. குடும்பம் நேராகப் பாதிரியாரிடம் போகவில்லை. வருடக்கணக்கில் மருத்துவம் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். முழுசாகக் குணமாகவில்லை. முகங்கள் தெரிந்தன, குரல்கள் கேட்டன, சோர்வு கூடியது. அலுத்துப்போன பிறகுதான் 1975-இல், ஆயரின் அனுமதியோடு, இரண்டு குருக்கள் பேயோட்டத் தொடங்கினார்கள். மொத்தம் 67 அமர்வுகள். அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். 1976 ஜூலை 1 அன்று 23 வயதில் இறந்தபோது எடை ஏறக்குறைய 30 கிலோ. பட்டினியும் நீர் வறட்சியும்தான் காரணம். 1978-இல் பெற்றோரும் இரு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தப் பெற்றோர் கொடியவர்கள் இல்லை. விதிப்படி அனுமதிகூட வாங்கித்தான் செய்தார்கள். மருத்துவம் அரைகுறையாகப் பலன் தந்த இடத்தில் வெறுத்துப்போய் நகர்ந்தார்கள், நகர்ந்தபோது மருத்துவரைக் கையோடு கூட்டிப் போகவில்லை. நான் பார்த்த குடும்பங்களும் இப்படித்தான். இறையியல் பின்னால் வருகிறது. முன்னால் வருவது ஏமாற்றம். உங்கள் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்தியதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். தம்பி பகலெல்லாம் தூங்கி வழிந்தானா? கை நடுங்கியதா? அதைப் பார்த்து அம்மா அழுதாரா? அங்கே பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். பெரும்பாலும் அதைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது.

இதே இடத்தில் இன்னொன்று. பேய் பிடித்ததுபோலவே தோன்றும் சில நோய்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வகை அழற்சியை மருத்துவர்கள் 2007-இல்தான் அடையாளம் கண்டு விவரித்தார்கள். இளம் பெண்களுக்கு அதிகம் வருகிறது. திடீரென்று குழப்பம், விசித்திரப் பேச்சு, முகத்தைச் சுளித்தல், வலிப்பு. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பலர் நன்றாகவே மீள்கிறார்கள். காத்திருந்தால் செத்தும் போகலாம். முதல் முறை இப்படி வரும் யாரையும் ஒரு மருத்துவர் உடம்பளவிலும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஏர்வாடியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோய் தீர அங்குள்ள தர்காவை நாடி வந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைத்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தர்கா இல்லை, சங்கிலி. குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த இடைவெளியில் கொட்டகை போட்டுச் சிலர் தொழில் செய்தார்கள். 2017-இல் வந்த இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் மனநலப் பிரச்சினை உள்ளவர்களைக் கட்டிப்போடுவது ஏறக்குறைய 60 நாடுகளில் நடக்கிறது என்று 2020-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கை சொன்னது.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா? முடியும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். கானாவில் ஒரு பிரார்த்தனை முகாமில் 139 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும், இன்னொன்றுக்குப் பிரார்த்தனை மட்டும். ஆறு வாரத்தில் மருந்தும் சேர்ந்த குழுவில் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. முகாமும் இருந்தது, பிரார்த்தனையும் நிற்கவில்லை, ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை. ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்கள் இரண்டு குழுவிலும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. நோய் குறைந்தும் கட்டு அவிழவில்லை! 2018-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு உறுத்திய இடம் அதுதான். மாத்திரை மனிதர்களின் பயத்துக்கு மருந்தில்லை போலும்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பற்றி 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், மருந்து இல்லை, அறிகுறிகளின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை எதிர்ப்பாளர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது, பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதும் அதில் இல்லை. நான் அதில் படிப்பது வேறு. அங்கே யாரும் அவர்களை அடிக்கவில்லை, பாவி என்று சொல்லவில்லை, சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள், வீட்டார் கூடவே இருந்தார்கள். மரியாதையாக நடத்தினாலே இவ்வளவு தேறும் நோயாளி, அதோடு மருந்தும் சேர்ந்தால் எவ்வளவு தேறுவார்?

மனநல மருத்துவத்தை மதவாதிகள் சந்தேகிப்பதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதச் சடங்குகளை ஓசிடி போன்ற நோய்க்கு ஒப்பிட்டு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு 1907-லேயே எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் மாற்றுக் கருத்து சொன்னவர்களை, கடவுள் நம்பிக்கையாளர்கள் உட்பட, நோயாளி என்று முத்திரை குத்தி அடைத்தார்கள். இன்றைக்கும் நோயாளி பிரார்த்தனையைப் பற்றிப் பேச்செடுத்தால் கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. உலக மனநல மருத்துவச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சிகிச்சையின் பகுதி என்கிறது. உங்கள் தம்பியின் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இனி பெரியவர்களிடம் பேசுவது. கடவுள் இருக்கிறாரா, பேய் இருக்கிறதா என்ற பக்கமே போகாதீர்கள். அங்கே நீங்கள் ஜெயித்தாலும் தம்பிக்கு மாத்திரை கிடைக்காது. “பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையையும் கூட வையுங்கள்” என்பது மட்டுமே உங்கள் வாதமாக இருக்கட்டும். அவர்கள் மதிக்கிற குரு, போதகர், ஆலிம், சாமியார் யாரோ ஒருவர் இருப்பார். அவரைத் தனியே போய்ப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ அவரே சாப்பிடுகிறவராக இருந்தால் வேலை சுலபம். “மருத்துவர் கொடுத்ததைச் சாப்பிடு, நான் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்” என்று அவர் வாயால் ஒரு முறை சொன்னால், நான் பத்து அமர்வில் செய்ய முடியாததை அது செய்துவிடும். விரதம் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடலாம்.

பேச்சுவார்த்தைக்கெல்லாம் நேரம் இல்லாத கட்டங்கள் உண்டு. அவன் சாப்பாடும் தண்ணீரும் தொடாமல் இருந்தால், நாட்கணக்கில் தூங்காவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், யாரையாவது அல்லது தன்னையே ஏதாவது செய்யும்படி குரல்கள் ஏவினால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பிறகு சமாதானம் பேசிக்கொள்ளலாம். அந்த நிலை வராவிட்டாலும் ஆற அமரக் காத்திருக்க வேண்டாம். முதல் முறை வந்த நோய்க்குச் சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குத் தேறுவதும் தாமதமாகிறது.

சாப்பாட்டில் கலப்பது வேண்டாம். யாரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுகிறவன் சோற்றில் மாத்திரையைக் கண்டுபிடித்தால், அவன் சந்தேகம் உண்மையாகிவிடும். வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டான். உடம்பு விறைத்தால் ஏன் என்று அவனுக்குத் தெரியாது, மருத்துவரிடம் சொல்லவும் மாட்டான். அதோடு, அவன் தேறினால் அந்தப் பெயரும் பிரார்த்தனைக்குத்தான் போகும், மாத்திரை எதற்கு என்ற பேச்சு இன்னும் இறுகும். மாத்திரை தினமும் விழுங்குவதுதான் சிக்கல் என்றால், சில மருந்துகள் மாதம் ஒரு முறை போடும் ஊசியாகவும் கிடைக்கின்றன. அவன் சம்மதித்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் எழுதியதில் எல்லாரும் பேசுகிறார்கள், தம்பியைத் தவிர. அந்த மூன்று வாரத்தில் குரல்கள் குறைந்தனவா, தூக்கம் வந்ததா, எது பிடிக்கவில்லை என்று அவனிடமே கேளுங்கள். சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வர ஒத்துக்கொண்டால் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.